போர்டில் விட்டுப்போன பூஜ்யம்

புதன், இரவு

தூக்கம் வரவில்லை. இன்று வகுப்பில் நான் போர்டில் எழுதிய நிரூபணத்தைச் சார் பாராட்டினார். "அழிக்காதீங்க, காலையில ஃபர்ஸ்ட் இயர் பசங்க பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பஸ் காலடிப்பேட்டையைத் தாண்டும்போதுதான் உறைத்தது. நான்காவது வரியில் இரண்டு பக்கத்தையும் ஓர் எண்ணால் வகுத்திருக்கிறேன். அந்த எண் பூஜ்யமாகவும் இருக்கலாம். பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வகுப்புத் தோழி ரோஸ்லினிடம் சொன்னேன். "சாரே கண்டுக்கல, நீ இன்னாத்துக்கு பேஜாராவுற? வுடு, காலீல போய் நைசா அழிச்சிடலாம்" என்றாள்.

அழிப்பதா? வீட்டுக்கு வந்து, சோற்றைக்கூடத் தொடாமல் நோட்டை விரித்தேன். அந்த எண் பூஜ்யமாக இருந்தாலும் தேற்றம் நிற்கிறது. அதற்குத் தனியாக இரண்டே வரி போதும். மற்ற வரிகளில் ஓர் ஓட்டையும் இல்லை. நான்கு முறை பார்த்துவிட்டேன்.

நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். எதையும் அழிக்க மாட்டேன். நான்காவது வரியைச் சிவப்புச் சாக்பீஸால் வட்டமிட்டு, "இங்கே தவறு செய்தவள் நான்" என்று எழுதி, அடியில் அந்த இரண்டு வரியையும் போடுவேன். ஃபர்ஸ்ட் இயர் பசங்க அதைப் பார்க்கட்டும்.