சுவாமி அலமாரியில் வைத்த மாத்திரை

டாக்குரியா, கொல்கத்தா
19-11-2006

சிரஞ்சீவி வெங்கட்டுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா, நான், உன் மனைவி கல்பனா மூவரும் உடம்பால் சௌக்கியம். டொராண்டோ குளிரிலும் நீ சௌக்கியம்தான் போலிருக்கிறது, போன ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தின கத்தலில் தொண்டை நன்றாகவே இருந்தது. ஒரு மாத்திரையை ஞாபகமாகச் சாப்பிடத் தெரியாதா, படித்தவள்தானே என்று கல்பனாவைக் கேட்டாய். குழந்தைக்காக அவளிடமிருந்து கருமுட்டை எடுத்த மறுநாளே விமானம் ஏறிவிட்ட மகாராஜா கேட்க வேண்டிய கேள்விதான்.

ஊசி நிறையப் போட்டால் அவள் வயிறு வீங்கிவிடும் என்று குழந்தைப்பேறு டாக்டரம்மா முட்டையை முற்றாமலே எடுத்து, கண்ணாடித் தட்டில் முற்ற வைத்தாள் இல்லையா, அப்படி எடுத்தால் உடம்பில் ஹார்மோன் போதாதாம், கர்ப்பப்பையின் உள்பூச்சு தானாகத் தடிக்காதாம், அதற்குத்தான் அந்த மாத்திரை. உன் அம்மா மேதாவி, சத்து மாத்திரை என்று நினைத்து சுவாமி அலமாரியில் பிள்ளையார் காலடியில் வைத்தேன். நீ கிளம்பின அன்று சாயங்காலம் கல்பனாவுக்குக் கொஞ்சம் உதிரம் கண்டது. ஊசி குத்தின இடத்துக் கசிவு, பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினாள், எனக்கா ஏறும்! தூரம் என்று தீர்ப்புச் சொல்லி மூன்று நாள் பின்னறையில் உட்கார வைத்தேன். மாத்திரையைக் கொடுங்கோம்மா என்று இரண்டு தடவை கேட்டாள். சுவாமிகிட்ட வெச்சதத் தீட்டோட தரப்படாது, எங்கயும் ஓடிடாது என்றேன். அப்பா பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு செவிடாக இருந்தார்.

நாலாம் நாள் ஸ்கேனில் எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பூச்சு ஐந்துதான். டாக்டரம்மா கருக்களை உறைய வைத்து, உள்ளே வைப்பதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டாள். ஏன் சாப்பிடவில்லை என்று அதட்டினபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். கல்பனா என் பக்கம் திரும்பாமலே, பெங்காலியில் புலே கேச்சி, மறந்துட்டேன் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. நீ கத்தினபோதும் திறக்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. நேற்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த மாசம் எனக்கு வேண்டாம்மா, ஜாம்ஷெட்பூருக்கு எங்காத்துக்குப் போறேன் என்றாள். என் மேல் கோபமா என்றேன். உங்க மேல இல்ல, உங்க பிள்ளை மாத்திரைய இத்தனை கேட்டாரே, வலிக்கறதான்னு ஒரு வார்த்தை கேட்டாரா என்றாள். டிக்கெட் முப்பதாம் தேதிக்கு.

தீர்க்காயுசாக இரு, புத்தியும் கூடவே வரட்டும். காதுக்கு மப்ளர் கட்டிக்கொள். இதைப் படித்த கையோடு அவளைக் கூப்பிடு, பூச்சு எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே.

மாத்திரையைக் கொடுக்காத உன் அம்மா,
அனந்தலக்ஷ்மி