வெள்ளத்தில் வந்த பட்டு

மங்கலம்,
தை, 2006

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் சீரோடு நீங்களும் அண்ணியும் காரில் வந்து போனதை ஊர் இன்னும் பேசுகிறது. பட்டுச்சேலை நல்ல அரக்கு நிறம். பனியன் கம்பெனியில் அத்தனை வேலைக்கு நடுவிலும் தங்கையை மறக்கவில்லை என்கிறார்கள்.

ஐப்பசி மழையில் நொய்யல் ஏறி வந்து காட்டில் வெங்காயம் முழுவதும் அழுகியபோது, கணக்கெடுக்க வந்த அதிகாரியை நான்தான் சேற்றில் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"வெள்ளாமை யாருதுங்கம்மா?" என்று கேட்டார்.

"எங்கண்ணனுதுங்க" என்றேன்.

பட்டா உங்கள் பெயரில் இருக்கும்போது என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. உழுததும் நட்டதும் நாங்கள் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். விதை வெங்காயத்துக்காக என் சங்கிலி அடகுக்குப் போனது உங்களுக்குத் தெரியும்.

நிவாரணப் பணம் உங்கள் பெயருக்கு வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணிதான் பக்கத்து வீட்டில் சொன்னார்: "வெள்ளத்துக்குக் குடுத்த பணத்துலதானுங்க இந்தச் சேலை எடுத்தோம்."

சீரைத் திருப்பி அனுப்பினால் பிறந்த வீடே வேண்டாம் என்றாகிவிடும் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அதனால் அனுப்பவில்லை.

அழுகலைப் பிடுங்கிவிட்டுச் சோளம் விதைத்திருக்கிறோம். குருவி விரட்ட நட்ட பொம்மைக்கு அந்தப் பட்டைச் சுற்றிவிட்டேன். காட்டுக்கென்று கொடுத்த பணம் ஒருவழியாகக் காட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இன்னும் உங்கள்
தங்கைதான்