எட்டாம் நாள் விஞ்ஞானப் பரீட்சை

பழவேற்காடு,
6-2-1974

அந்தமானில் வேலை பார்க்கும் என் கணவர் திருமலை அவர்களுக்கு, கங்கம்மாள் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே உங்கள் தோள்வலி குறைந்ததா, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்பதை முதலில் எழுதுங்கள்.

அடுத்து ஒரு சேதி. கோபிக்காமல் படிக்க வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் தவறிய விஞ்ஞானப் பரீட்சையைத் திரும்ப எழுத விண்ணப்பம் போட்டுவிட்டேன். மார்ச் 21ஆம் தேதி, பொன்னேரியில். உங்களைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்றால் கடிதம் போய் வர ஒரு மாதம் ஆகிறது. கடைசித் தேதி அதுவரை காத்திருக்காது. தேறிவிட்டால் பிரசவ நர்சுப் பயிற்சிக்கு மனுப் போடலாம் என்று சுகாதார நிலைய நர்சு சொன்னார். அத்தைக்கு இதில் இஷ்டமில்லை. உங்கள் அண்ணன்தான், எழுதட்டும் விடு என்று சொல்லிவிட்டு வலை பார்க்கப் போய்விட்டார்.

அன்றைக்கு என் காலை வாரியது உயிரியல் பகுதிதான். இப்போது அதுவே எனக்கு இனிக்கிறது என்றால் நம்புவீர்களா? காரணம் உங்கள் அண்ணி. சம்பூர்ணம் அக்காவுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கிறார்கள். நான் சொல்லும் விடையை ஒரு தரம் கேட்டால் போதும், மறுநாள் ஒரு வார்த்தை குறைந்தாலும் விடுவதில்லை. நேற்று ஜீரணப் பாதையை ஒப்பித்தேன். வாய், தொண்டை, இரைப்பை என்று வந்தவள் பெருங்குடலுக்குத் தாவிவிட்டேன். "சிறுகுடல உட்டுட்டியேடி. சோறு இன்னா பறந்தா போவும்?" என்றார்கள். அத்தைகூடச் சிரித்துவிட்டார்கள்.

மீன் நறுக்கும்போதும் பாடம்தான். மடவையின் செவுளுக்குக் கீழே இதயத்தை எடுத்துக் காட்டினேன். மீனுக்கு இரண்டு அறை, தவளைக்கு மூன்று, நமக்கு நான்கு என்று சொன்னேன். இறாலின் முதுகில் ஓடும் கறுப்பு நரம்பு நரம்பே இல்லை, குடல் என்று அக்கா எனக்குச் சொன்னார்கள். அது என் புத்தகத்தில் இல்லை.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படியுங்கள். போன வாரம் கிருமிகள் பாடம். எந்த நோய் எதனால் வருகிறது என்று உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். ரண ஜன்னி வந்தது. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி, காயத்தின் வழியாக உள்ளே போகும், தாடை இறுகும், உடம்பு வில்லாக வளையும் என்று போட்டிருந்தது. அக்கா நிறுத்தச் சொன்னார்கள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: "தொப்புளும் காயந்தானடி?"

அவர்களுக்குப் பிறந்த இரண்டும் எட்டாம் நாள் பால் குடிக்க வாய் திறக்காமல் போனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அம்மன் குற்றம் என்று ஊரே சொன்னது. நமக்குப் பிறந்தவனும் அப்படியேதான் போனான். அவன் வயிற்றில் இருந்தபோது நான் உச்சி வேளையில் முகத்துவாரம் பக்கம் போனேன், காற்று அடித்துவிட்டது என்றார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கப்பலேறும்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே இருவரும் பொன்னேரிக்கு பஸ் ஏறினோம். நர்சு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆமாம், அதுதான் என்றார். அக்காவுக்கு இப்போது எட்டு மாதம் முடியப்போகிறது. தடுப்பு ஊசி இரண்டு போட வேண்டுமாம். ஒன்று போட்டாயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்து அழுதுகொண்டே வந்தார்கள். இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்தப் பாடம் என்று கேட்டார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கங்கம்மாள்


பழவேற்காடு,
24-3-1974

அன்புள்ள கணவர் அவர்களுக்கு, கங்கம்மாள் வணக்கம். உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. வரும்வரை பொறுக்க முடியாமல் இதை எழுதுகிறேன். கை ஓடுகிற வேகத்தில் எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

முதலில் தாயாரம்மாள் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களையே கையில் ஏந்திய மருத்துவச்சி. கொடி அறுக்கிற கத்தியையும் தொப்புளில் வைக்கிற சாணிச் சாம்பலையும் பற்றி அவர்களிடம் யார் சொல்வது? நான்தான் போனேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயும் அங்கே முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பாட்டி, "அப்போ இத்தினி புள்ளைங்களையும் நாந்தான் கொன்னேனா?" என்றார்கள்.

இதற்கு எந்தப் பாடத்தில் விடை இருக்கிறது? நமக்கு யாருக்கும் தெரியாமல் போய்விட்டது பாட்டி என்று சொன்னேன். அவர்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அத்தைக்கு என்மேல் மகா கோபம். பரீட்சை எழுதுகிறவள் ஊர் மருத்துவச்சியை விரட்டிவிட்டாள், இனி பிரசவத்தை யார் பார்ப்பது என்று கத்தினார்கள்.

மார்ச் 14ஆம் தேதி காலை அக்காவுக்கு இடுப்பு வலி கண்டது. இரண்டாவது ஊசி போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. பொன்னேரிக்குக் கொண்டுபோகலாம் என்று அண்ணன் வண்டி தேட ஓடினார். வலி அதற்குள் முற்றிவிட்டது. அப்போது தலையில் ஈரம் சொட்ட வாசலில் வந்து நின்றார்கள் பாட்டி. நகத்தையெல்லாம் ஒட்ட வெட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "எவ்ளோ நேரம் கொதிக்கணும்?"

நர்சு கொடுத்த புது பிளேடையும் நூலையும் இருபது நிமிடம் கொதிக்கவைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அத்தையே அடுப்பை ஊதினார்கள். பெண் குழந்தை. பாட்டி கொடியைக் கட்டி அறுத்தார்கள். சாம்பல் வைக்கவில்லை. வெள்ளைத் துணி மட்டும்தான்.

அதன்பிறகு ஏழு நாட்கள் நான் படித்ததை எப்படிச் சொல்வேன்? வேர்த்தூவி, இலைப்பச்சை, ரத்த ஓட்டம் எல்லாவற்றையும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பித்தேன். அவர்கள் ஒரு கண்ணைக் குழந்தையின் வாயிலும் இன்னொரு கண்ணைப் புத்தகத்திலும் வைத்துக்கொண்டு தப்பைத் திருத்தினார்கள். ஏழாம் நாள் இரவு வீட்டில் யாரும் விளக்கை அணைக்கவில்லை.

எட்டாம் நாள்தான் பரீட்சை. நான் போகவில்லை என்று சொல்லிவிட்டேன். அக்கா கேட்கவில்லை. நீ இங்கே உட்கார்ந்தால் மட்டும் என்ன செய்யப்போகிறாய், போய் எழுது என்று பிடிவாதமாக அனுப்பினார்கள். கேள்வித்தாளில் மனித இதயத்தின் படம் வரையச் சொல்லியிருந்தார்கள். நான்கு அறையும் போட்டு, அம்புக்குறியும் போட்டேன். சிறுகுடலை விடவில்லை. ரண ஜன்னியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. வந்திருந்தால் அதற்கு மட்டும் நான்கு பக்கம் எழுதியிருப்பேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டு வாசலில் கூட்டம். செருப்பை அங்கேயே போட்டேன். உள்ளே போனால் குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கிறது. எட்டாம் நாள் வாய் திறந்து குடிக்கிற பிள்ளையைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம். தாயாரம்மாள் பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, எண்ணிக்கொள்வது போல அது விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குப் பதினோராம் நாள். தொப்புள்கொடி உலர்ந்து விழுந்துவிட்டது. அழுகை தெருக்கோடிக்குக் கேட்கிறது. அத்தை நேற்று என்னைக் கூப்பிட்டு, உன்னை நான் என்னென்னவோ சொல்லிவிட்டேன் என்றார்கள். பிறகு குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று உச்சி வேளையில் நான் முகத்துவாரத்துக்குப் போனது உங்களுக்குச் சோறு கொண்டுவரத்தான். அந்தத் தூக்குச்சட்டியில் என்ன இருந்தது என்பதுகூட உங்களுக்கு நினைவிருக்கும். காற்று ஒன்றும் அடிக்கவில்லை. நீங்களும் தப்புச் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

குழந்தைக்குச் சித்தப்பா வந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று அக்கா இன்னும் பெயரில்லாமலே வைத்திருக்கிறார்கள். அதற்காகவாவது வாருங்கள். கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி,
கங்கம்மாள்