கீழ்மடிப்பில் வைத்த முடி

பாரிஸ், பத்திஞ்ஞோல்
1957 ஜூன் 11, செவ்வாய்

அன்பு மகள் மத்தில்துக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க மாதாவைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, நோய் இல்லை என்று எழுதுகிறேன். வருகிற வெள்ளியோடு ஒதீல் கண்ணை மூடி ஐந்து மாதம். அப்பா வேலைக்குப் போகிறார், வருகிறார், சூப்பைக் குடித்துவிட்டுச் சீட்டுக்கட்டைத் தனியாகப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். உன் தங்கச்சி பேரை அவரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. குழந்தைக்குப் பல் வரும்போது காய்ந்த ரொட்டியின் ஓரத்தைக் கடிக்கக் கொடு, கடையில் விற்கிற எதையும் வாயில் வைக்காதே.

ஒரு கல்யாண உடுப்புக்கு நாலு மாதமா, எட்டுப் பேரா, இங்கே கடையில் தொங்குவதை ஒரே மதியத்தில் வாங்கிவிடலாமே, உடம்பைக் கெடுத்துக்கொண்டு அந்தத் தையலறைக்கு ஏன் போகிறாய் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் முதலாளி வரைந்த ஒரு காகிதம் வரும், அதில் நாலு கோடுதான் இருக்கும், கை எது கழுத்து எது என்றுகூடத் தெரியாது. அதைப் பார்த்து எங்கள் தையலறைத் தலைவி மதாம் பெர்த், துணி எப்படி விழ வேண்டும் என்று கண்டுபிடிப்பார். கல்யாணப் பெண்ணின் அளவுக்கு ஒரு பொம்மைக்கு நாங்கள் பஞ்சு வைத்துக் கட்டுவோம், வலது தோள் ஒரு விரல் தாழ்ந்திருந்தால் பொம்மைக்கும் தாழ்ந்திருக்கும். அதன்மேல் வெறும் காடாத் துணியில் உடுப்பு முழுவதையும் ஒருமுறை செய்வோம். பெண் வந்து போட்டுப் பார்ப்பாள், ஊசி குத்திக் குறிப்போம், பிறகு அவ்வளவையும் பிரித்துவிடுவோம். அந்தத் துண்டுகளை வைத்துத்தான் பட்டில் கத்தரி வைப்பது. அதையும் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, மறுபடி பெண் வந்து, மறுபடி பிரிப்போம். செய்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். கடைசியில் எல்லாம் கைத்தையல், வெளியே ஒரு தையல்கூடத் தெரியக்கூடாது. விரலில் ஊசி ஏறி ரத்தம் பட்டால் குத்துப்பட்டவளே நூலை மென்று தன் எச்சிலால் எடுக்க வேண்டும், வேறொருத்தி எச்சிலுக்குப் போகாது. கீழ்மடிப்புதான் கடைசி வேலை. நான் எழுத வந்ததும் அந்த மடிப்பைப் பற்றித்தான், வேறெங்கோ போய்விட்டேன்.

கல்யாண உடுப்பின் கீழ்மடிப்பில் கல்யாணமாகாத பெண்கள் தங்கள் முடி ஒன்றை உள்ளே வைத்துத் தைப்பார்கள், வருடத்துக்குள் வரன் வரும் என்று. உனக்குத் தெரியும், நான் வாலிபத்தில் வைத்த கதையைச் சொல்லி அப்பாவைக் கேலி செய்திருக்கிறேன். இந்த உடுப்பு போர்தோவில் திராட்சைமது வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண்ணுக்கு. போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி எங்கள் மேசையில் ஜினெத், ரேமோந்த், இவோன் மூன்று பெண்களும் வைத்தார்கள். நானும் ஒன்று வைத்தேன். ஒதீலின் சீப்பில் இருந்து காலையிலேயே எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோயிருந்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும் இருபத்து மூன்று வயதாயிற்றே என்று மட்டும் நினைத்தேன். வெளியே தெரியாமலிருக்க மற்றவர்களைப் போலவே விரல் நீளத்துக்கு வெட்டி வைத்து, மிச்சத்தைக் குப்பையில் போட்டேன். வீட்டில்தான் சீப்பு நிறைய முடி இருக்கிறதே என்று போட்டேன். ரேமோந்த் பார்த்துவிட்டு, "என்ன மதாம் லியோந்தீன், வீட்ல இருக்கற புருஷன் பத்தலையா, இன்னொருத்தர் கேக்குதா?" என்றாள். மேசையே சிரித்தது, நானும் சிரித்தேன். மதாம் பெர்த் வந்து, சிரிப்பையும் சேர்த்துத் தைத்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு பூசையில்தான் எனக்குப் பயம் வந்தது. உயிரோடு இல்லாதவள் முடியை ஒரு கல்யாணப் பெண்ணின் காலடியில் வைத்துவிட்டேனே, அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவருக்குக் கீழ்மடிப்பு என்றால் என்னவென்றே விளங்கவில்லை, யாருடைய முடி, யார் தலையிலிருந்து, திருடினாயா என்றெல்லாம் கேட்டார். நான் விளக்க விளக்க எனக்கே குழம்பிப்போயிற்று. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையைத் தேய்த்து முடித்திருந்தார். என் வேலையைக் குறைக்க வேண்டும் என்று ஒதீலின் அலமாரியையும் துடைத்து, அவள் சீப்பைச் சோடா உப்பில் கழுவி வெயிலில் வைத்திருந்தார். ஒரு முடி இல்லை. நல்லதென்று நினைத்துச் செய்த மனிதரை என்ன சொல்வது, நன்றாகக் கழுவியிருக்கிறீர்கள் என்றுதான் சொன்னேன். தலையணை, தொப்பி, கம்பளிக் கோட்டின் கழுத்து எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எதிலும் இல்லை. அந்தப் பெண்ணின் மடிப்பில் இருப்பதுதான் மிச்சம். அதை எடுத்துவிட வேண்டும், அவளுக்காகவும் எடுக்க வேண்டும், எனக்காகவும் எடுக்க வேண்டும். ஆனால் முடிந்த மடிப்பில் நானாகக் கத்தரியை வைத்தால் மதாம் பெர்த் என்னைக் கேட்க மாட்டாரா?

போன வெள்ளி கல்யாணப் பெண் கடைசி முறை வந்தாள், தட்டைச் செருப்போடு. மாப்பிள்ளை அவளைவிடக் குள்ளமாம், குதிகால் செருப்பு போட்டால் படத்தில் நன்றாக இராதாம். உடுப்பு தரையில் இழுபட்டது. அவள் போனதும் மதாம் பெர்த், "மாப்பிள்ளை இனிமே வளரப் போறதில்ல, உடுப்புதான் குறையணும். லியோந்தீன், மடிப்ப பிரி" என்றார். பெரிய வேலை என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், நான் மட்டும் உடனே கத்தரியை எடுத்தேன். வெள்ளைத் துணியை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். நாலு முடியும் கிடைத்தன. ஒன்று மஞ்சள், அது ஜினெத்துடையது. மற்ற மூன்றும் ஒரே பழுப்பு, ஒரே நீளம். சன்னலில் வைத்துப் பார்த்தேன், வெள்ளையில் வைத்தேன், கறுப்பில் வைத்தேன். மத்தில்த், பெற்றவள் நான், எனக்குத் தெரியவில்லை. இருபத்து மூன்று வருடம் பார்த்த தலை.

நான் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரேமோந்த் எழுந்து வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். அன்றைக்குக் கேலி செய்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. இவோனைக் கூப்பிட்டு அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டு, "மூணையும் நீங்களே எடுத்துக்குங்க மதாம். எங்களுக்கு என்ன, தலை மேலயே இருக்கு, இன்னொன்னு பிடுங்கிக்கறோம்" என்றாள். அங்கேயே இரண்டு பேரும் பிடுங்கிக் கொடுத்தார்கள். ஜினெத்தின் மஞ்சளோடு அவற்றையும் வைத்து மடிப்பை நானே தைத்தேன். இன்று காலை உடுப்பு பெட்டியில் ஏறிப் போய்விட்டது, சனிக்கிழமை கல்யாணம். அந்தப் பெண்ணைப் பற்றிய பயம் போயிற்று. ஆனால் இந்தச் சிறுபெண்களின் நேர்ச்சையைக் கலைத்துவிட்டேனோ, என் மகளை அவர்களோடு கலந்துவிட்டேனோ, ஒன்றும் புரியவில்லை. நேற்றுப் பெந்தெகொஸ்து திங்கள் விடுமுறை முழுவதும் அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விடுவேன். அவள் பள்ளிக்கூடம் போன நாளெல்லாம் அவள் தலையைப் பின்னியது நீதான். உன் விரலுக்குத் தெரிந்தாலும் தெரியும். மூன்றையும் மெல்லிய தாளில் வைத்து இந்தக் கடைசிப் பக்கத்தோடு தைத்திருக்கிறேன், ஒன்று நீல நூல், ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டுப் பிரி. எது என்று எழுது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுது, என்னைச் சமாதானப்படுத்த ஏதோ ஒரு நூலைச் சொல்லிவிடாதே. தெரியாவிட்டால் மூன்றையும் திருப்பி அனுப்பு மகளே, மூன்றையும் வைத்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. குழந்தையின் இரண்டு கன்னத்திலும் முத்தம். ஆண்டவர் உன் வீட்டைக் காக்கட்டும். பதில் போடும்போது உறையைப் பசையோடு விடாமல் ஓரத்தில் இரண்டு தையல் போடு.

உன் அம்மா
லியோந்தீன்