சகலையின் ஆம்ப்ளிஃபயர்

மார்ச் 3

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, பழைய ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு மறுபடி உப்புத்தாள் போட்டேன். ராத்திரி பாட்டு வைத்ததும் மனைவி சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா தங்கச்சி வீட்ல பாடுறவ நடு ஹால்ல வந்து நிப்பா, இல்ல?"

நிற்பாள்; கண்ணை மூடினால் குரல் அப்படித்தான் நடுவில் கேட்கும். சகலையிடம் இருப்பது அந்த மரப்பெட்டி ஆம்ப்ளிஃபயர். பழைய சாமான் கடையில் அதை முதலில் பார்த்தவன் நான். சம்பளம் வந்ததும் வாங்க வேண்டும் என்று சகலையிடமே உளறியவனும் நான்தான். அவர் முந்திக்கொண்டார்.

மார்ச் 8

வயிறு எரிகிறது. வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் எரிகிறது.

மார்ச் 15

சகலை வீட்டில் பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. கழற்றிவைத்த ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அவரே திரும்ப மாட்டியிருக்கிறார். பாட்டு வைத்தார். சத்தத்தில் கனமே இல்லை. குரல் நடுவில் நிற்காமல் சுவரோரம் எங்கேயோ அலைந்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், அவ்வளவுதான் கோளாறு. மாற்றிச் சொருக ஒரு நிமிடம் ஆகாது.

"என்னமோ போல கேக்குது சகல. எனக்கு மட்டும்தானா?" என்று கேட்டார்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது."

ஏன் அப்படிச் சொன்னேன்? பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 19

என் பாட்டு இன்று பிரமாதமாகக் கேட்டது. நான் எதையும் தொடவில்லை.

மார்ச் 26

சகலை காது டாக்டரிடம் போயிருக்கிறார். ஒரு குறையும் இல்லை என்றாராம் டாக்டர். இவர் நம்பவில்லை. என்னைத்தான் நம்புகிறார்.

போனில் சொன்னார்: "காது இருக்கறவர்கிட்ட இருக்கட்டும் சகல. ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க."

சரி என்றேன். போனை வைத்ததும் அலமாரியில் இடம் அளந்தேன்.

மார்ச் 29

வண்டியோடு போனேன். மச்சினி வாசலிலேயே நிறுத்தினாள். "இப்பல்லாம் நான் கூப்பிட்டாக்கூடத் திரும்பறதில்ல அத்தான். எனக்குத்தான் காது போச்சேங்கறார்."

உள்ளே அவர் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொடுக்கத்தான்.

முடியல — என்னால எடுக்க முடியல. எவ்வளவு ஆசப்பட்டேன்.

அவரை ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் கூப்பிட்டு வயரைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அன்னிக்கே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவரே மாற்றிச் சொருகினார். ரிகார்டை வைத்தார். பாடுகிறவள் நடு ஹாலில் வந்து நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

வெறும் வண்டியோடு திரும்பினேன். அவர் மனசு மாறிவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

ஏப்ரல் 12

மனைவி மட்டும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது ஏன் கேக்கறீங்க, அவ்வளவு நல்லா இருந்துச்சு. கிளம்பும்போது உங்க சகல ஒண்ணு சொன்னார். 'எனக்கு நல்லாத்தான் கேக்குதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க அண்ணி'ன்னார். அப்படின்னா என்னங்க?"

ஒன்றுமில்லை என்றேன்.