வெளுத்துப்போகும் படிகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கமான எரிச்சல், மற்றபடி இருவரும் சுகம். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நான்கு மாதமாக ஊதாவாக விளைந்த உன் கோபால்ட் படிகம் இப்போது எல்லாக் குடுவையிலும் வெளுத்தே விளைகிறது, குளிர்வித்துக் காந்தத்தைக் காட்டினால் செத்தது போலக் கிடக்கிறது, பட்டமே கைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதே உப்பு, அதே அமிலம், அதே சூடு. பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதேதான் நடந்தது. வெளுத்த வகையில் ஒரு தூசி விதையாக விழுந்தால் போதும், கரைசல் முழுவதும் அதைப் பார்த்தே விளையும். பொறாமையில் பக்கத்து மேசையில் வேலை செய்த தாடிக்காரர்தான் அதைத் தூவிவிட்டார் என்று துறை முழுக்கச் சொன்னேன். "அந்தத் தாடிக்குள்ள என்னென்ன இருக்கோ" என்று எல்லோரும் சிரித்தார்கள். மனிதர் மறுநாள் மழித்துக்கொண்டு வந்து, "இப்பவாவது நம்புறியாப்பா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். குடுவைகள் வெளுத்துக்கொண்டேதான் இருந்தன, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உனக்கு எப்போது தொடங்கியது என்று கணக்குப் பார்த்தேன். என் பழைய ஆய்வு நோட்டை நான் அனுப்பி, நீ அதை மேசையில் விரித்த வாரம். நேற்றுக் காலை, மூடியே வைத்திருந்த என் கடைசி ஊதாக் குடுவையைத் திறந்து, அதே காலத்து இன்னொரு நோட்டை அதன்மேல் ஒரு தடவை உதறினேன். மதியம் ஓரத்தில் ஒரு படிகம் வெளுத்திருந்தது. பிறகு அதற்குப் பக்கத்துப் படிகமும் வெளுத்தது. "யாரோ உள்ள ஒவ்வொரு விளக்கா அணைச்சிட்டு வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள் அம்மா. அதற்குமேல் அந்த அறைக்குள் அவள் வரவில்லை. தூவியது நான்தான், நோட்டின் தையலில், சட்டைப்பையில், நகத்தில் வைத்துக்கொண்டு. தாடிக்காரருக்கு எழுதலாம் என்று முகவரி கேட்டேன். ஆள் இறந்து ஆறு வருடமாம்.

வேறு கட்டடத்தில் இடம் கேள். புதுக் குடுவை, புது உடுப்பு. நோட்டை எரித்துவிடு. இந்தக் கடிதத்தைப் புதுத் தாள் வாங்கி, தபால் நிலையத்தில் நின்றபடி, அங்குள்ள பேனாவால் எழுதுகிறேன். இருந்தும் இப்போது தாளின் ஓரத்தில் ஏதோ மினுங்கியது. இதையும் எரித்துவிட்டுக் குளி. விடுமுறைக்கு வருவதாக எழுதியிருந்தாய். ஊதா விளையும்வரை வராதேம்மா. உன் அறையைப் பூட்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், நான் அதற்குள் போவதில்லை.

எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும்.

தொடாமலே ஆசீர்வதிக்கும்
அப்பா