பூசினாப்ல இருக்கா

ஐப்பசி 3, வெள்ளி
காலையிலேருந்து தூறல். துணி ஒண்ணும் காயல. கண்மணி பாவாடை இடுப்புல கொள்ளல, பிரிச்சு அகலமாத் தச்சேன். எம் பேத்தி, எட்டு வயசு, மகன் ராசுவோட ஒத்தைப் பொண்ணு. நான் மதுரைக் காளவாசலுக்கு, மகன் வீட்டுக்கு வந்த பெறகுதான் உடம்பு தேறியிருக்கா. எதிர்வீட்டுப் பேச்சி பார்த்துட்டு, "என்ன மதினி, பேத்தி பூசினாப்ல இருக்கா! அம்புட்டும் உங்க நெய்யா?"ன்னா. "பெறகு? வேற யாரு ஊட்டுறா?"ன்னேன். உள்ள மருமகளுக்கும் நல்லா கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன். மருமக சரசு மட்டும், "அத்தே, காலையில அவளுக்குக் கண்ணே தெறக்க முடியல"ன்னா. தூக்கம்னு சொல்லிட்டேன்.
வாங்கணும்: நாடா, மண்ணெண்ணெய், வெத்தலை.

ஐப்பசி 5, ஞாயிறு
வெயில். அலங்காநல்லூர்லேருந்து தம்பி வந்தான், மொச்சைப்பயறு கொண்டாந்தான். கண்மணி கால்ல வெரல வச்சு அமுக்கினான். குழி விழுந்துச்சு, எழும்பல. "அக்கா, இது சதை இல்ல. தண்ணி."
எனக்கு வந்துச்சே கோவம். மாட்டைப் பிடிச்சுப் பாக்குறாப்ல எம் பேத்தியப் பாக்குறியான்னு கத்திட்டேன். சாப்பிடாமப் போயிட்டான்.
அவன் போன பெறகு நானும் அமுக்கிப் பாத்தேன். பிசைஞ்ச மாவுல வெரல் பட்டாப்ல.

ஐப்பசி 6, திங்கள்
பெரியாஸ்பத்திரி. கிட்னி வார்டு. பெரிய டாக்டர் வந்தார், பின்னால டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க ஒரு கூட்டம். "இந்தக் கேஸ்…"ன்னு ஆரம்பிச்சார்.
"கேஸ் இல்லைய்யா. கண்மணி."
பிள்ளைங்க சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. "சரிம்மா. கண்மணி."
ஒண்ணுக்க ஒரு கண்ணாடிக் குழாயில ஊத்தி, மேல் பாகத்தை மட்டும் தீயில காட்டினார். பால் திரிஞ்சாப்ல வெள்ளை. ஒடம்புல இருக்கிற சத்து கிட்னி வழியா ஒழுகுதாம். அதனாலதான் நீர் கோத்து வீக்கம். நான் ஊட்டினதெல்லாம் ஒழுகிப் போயிருக்கு. நான் அதைப் பாத்துப் பெருமைப்பட்டிருக்கேன்.
நாலு வாரம் மாத்திரை. அதுக்குக் கேட்டுட்டா நல்ல வகை. கேக்கலைன்னா முதுகுல ஊசி விட்டு கிட்னியில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். பெறகு என்னன்னு அவர் சொல்லல. நானும் கேக்கல.
உப்பு கிடையாது.

ஐப்பசி 8, புதன்
மழை. வார்டு ஜன்னல் சாத்த வரல.
கண்மணி கேக்குறா: "உப்புதான் போடலையே அப்பத்தா, பெறகு ஏன் உப்புது?" சரசு வெளிய போயி அழுதா.
பக்கத்துக் கட்டில் திருமங்கலத்துக்காரி மகன். பத்து வயசுக்குள்ளதான். வயித்துல குழாய் வச்சு தண்ணி விட்டு எடுக்குறாங்க. கிட்னி ரெண்டும் வேலை செய்யலையாம். பருத்தி வெவசாயம். அவகிட்ட எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். "எங்க தெரிஞ்சுச்சு அக்கா? பிள்ளை பூசினாப்ல இருக்கான்னு ஊரே சொல்லுச்சு. திருஷ்டிதான் சுத்திப் போட்டேன்."
அந்தச் சொல்ல இனிமே யாரு சொன்னாலும் எனக்கு ஆகாது.

ஐப்பசி 11, சனி
விடியக்கால அந்தப் பையன் போயிட்டான்.
பெரிய டாக்டர் அவன் கிட்னியில ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டார். என்ன நோவுன்னு தெரிஞ்சா அடுத்த பிள்ளைகளுக்கு ஆகும்னார். திருமங்கலத்துக்காரி புருசன் முடியாதுன்னுட்டார், பிள்ளைய முழுசாக் கொண்டு போகணும்னார். அவதான், "எடுத்துக்கங்கய்யா. எதுனால போனான்னு யாருக்காவது தெரியட்டும்"னா. போகும்போது கண்மணி காலை ஒருதரம் தொட்டுப் பாத்துட்டுப் போனா. அவ பேர கேக்கல நான்.
மத்தியானம் கண்மணி ரத்தமும் ஒண்ணுக்கும் ஆராய்ச்சிக்குத் தர சம்மதமான்னு கேட்டாங்க. சரசு, "நீங்களே போடுங்க அத்தே"ன்னா. ராசு வேலைக்குப் போயிருந்தான். நர்சம்மா எனக்கு மைப் பெட்டிய நீட்டுனாங்க. "கைநாட்டு இல்ல தாயி, பேனா குடு." நான் அஞ்சாப்பு படிச்சவ. முழுப் பேரும் எழுதினேன்.

ஐப்பசி 20, திங்கள்
வீட்டுக்கு வந்தாச்சு. குழாய், சாராய விளக்கு, காடிங்கிற புளிப்புத் தண்ணி கொஞ்சம் குடுத்து விட்டாங்க. டாக்டர் சொன்னது: "மாத்திரையிலயும் மூஞ்சி உப்பும். மூஞ்சியப் பாக்காதீங்கம்மா, ஒண்ணுக்கப் பாருங்க." காய்ச்சி வெள்ளையா வந்தா ரெண்டு சொட்டு காடி விடணும். வெள்ளை கலைஞ்சு தெளிஞ்சா ஒண்ணுமில்ல. கலையலைன்னா சத்து ஒழுகுதுன்னு அர்த்தம்.
அடுப்பங்கரையில வைக்க மனசு வரல. கொல்லையில செங்கல் வச்சு இடம் பண்ணினேன்.
வெள்ளை. காடி விட்டேன். கலையல.
தெனமும் எனக்கும் உப்பில்லாமத்தான் வடிக்கிறேன். யாருக்கும் சொல்லல. சரசு கண்டுபிடிச்சிருப்பா.

ஐப்பசி 22, புதன். தீபாவளி
உப்பில்லா முறுக்கு. சவம் மாதிரி இருந்துச்சு. கண்மணி, "நல்லாருக்கு அப்பத்தா"ன்னா. பொய் சொல்லப் பழகிட்டா. வெள்ளை.

ஐப்பசி 28, செவ்வாய்
மழை. வெள்ளை. காடி விடல. விட்டு என்ன ஆகப்போகுது.
தம்பி வந்தான். சாப்பிட வச்சு அனுப்பினேன்.

கார்த்திகை 3, ஞாயிறு
நாளைக்கு ஆஸ்பத்திரி. நாலு வாரம் முடியுது.
கொல்லையில விளக்கக் கொளுத்தி, குழாய்த் தலையத் தீயில காட்டினேன். வெள்ளையாத்தான் வந்துச்சு. உக்காந்துட்டேன். முதுகுல ஊசின்னு சரசுகிட்ட எப்படிச் சொல்லன்னு யோசன. கீழ ஊத்தப் போனேன்.
கண்மணி பக்கத்துல குத்தவச்சுப் பாத்துக்கிட்டிருந்தா. "அப்பத்தா, சொட்டு விடலையே?"
"விட்டா மட்டும்?"
"டாக்டர் விடச் சொன்னாருல்ல."
அவளே விட்டா. ஒண்ணு. ரெண்டு.
கலைஞ்சுச்சு. குழாய்க்கு அந்தப் பக்கம் துவைக்கிற கல்லு தெரிஞ்சுச்சு.
நம்பல. சரசுவக் கூப்பிட்டு மறுபடி காய்ச்ச வச்சேன். மறுபடி கலைஞ்சுச்சு. நாளைக்கு டாக்டர் வாயால கேட்டாத்தான் தூக்கம்.
பேச்சி எட்டிப் பாத்தா. "மதினி, மூஞ்சி இன்னும் பூசினாப்லதான இருக்கு?"
"மூஞ்சியப் பாக்காத பேச்சி. ஒண்ணுக்கப் பாரு"ன்னு குழாய நீட்டினேன். மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுனா. சரசு சிரிச்சா, ரொம்ப நாளைக்கப்புறம்.
திருமங்கலத்துக்காரிக்குச் சொல்லணும். பேருகூடத் தெரியல.